பத்தில் ஒரு பங்கு

தபால் நிலையத்தில் பார்சல் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் கிராம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவர் மூட்டையை நிறுத்துப் பார்த்துப் பிழைப்பு நடத்துகிறவள். ஒரு கிராம் கூடினாலும் கூடினதுதான், குறைந்தாலும் குறைந்ததுதான். "கொஞ்சம் பாத்து போடுங்கக்கா" என்று பல்லைக் காட்டுகிறவர்களிடம், "நான் பாக்கிறதுக்கு என்ன இருக்கு, மெஷின் பாக்குது" என்பாள். மெஷினில் எண் ஓடி நிற்கும்வரை அவள் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடியாது.

அவள் புருஷன் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் சர்வேயர். மலை முகடுகளின் மேலேயே முந்நூற்று நாற்பது கிலோமீட்டர் போகிற ஒரு நடைபாதை இருக்கிறது, நடந்து முடிக்க இருபத்துநாலு நாள் ஆகும். அதன் வரைபடத்தில் பாதிக் கோடு இவர் போட்டதுதான். ஆனால் எல்லாம் துண்டு துண்டாக ஜீப்பில் போய் இறங்கி, அளந்து, திரும்பி வந்ததோடு சரி. முதல் கல்லில் இருந்து கடைசிக் கல்வரை நடந்தது கிடையாது. ஓய்வு வரட்டும் என்று இருந்தார். ஓய்வு வந்தது, கூடவே இருமலும் வந்தது.

நுரையீரல் சுருங்கிக்கொண்டே போகிற நோய். மருந்து அதை மெதுவாக்கும், நிறுத்தாது என்று டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். "நடக்கலாமா டாக்டர்?" என்றார் சர்வேயர். டாக்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "எவ்வளவுக்கு எவ்வளவு சுமை கம்மியோ, அவ்வளவுக்கு அவ்வளவு மூச்சு மிச்சம் சார்" என்றார். பாவம், நல்ல மனுஷன், ஏதோ ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை. சர்வேயர் அதை அரசாணை மாதிரி எடுத்துக்கொண்டார்.

அந்த வாரமே வனத்துறையில் அந்த நடைக்குத் தன் பெயரைப் பதிந்துவிட்டார். நாலு மாசம் தள்ளி ஒரு தேதி கிடைத்தது. கூட நடக்கப் பழைய ஆபீஸ் சகா ஒருவர் ஒத்துக்கொண்டார். அக்காவுக்கு முட்டி போய் ரொம்ப நாளாகிவிட்டது, அவளால் முடியாது. "பாதிச் சாமானை உங்க சகா தூக்கட்டுமே" என்று அவள் சொன்னதற்கு, "என் சுமைய இன்னொருத்தன் தூக்கினா அதுக்குப் பேரு நடை இல்ல, ஊர்வலம்" என்றார். விஷயம் கேள்விப்பட்டு வெளியூரில் இருக்கும் மகள் போனில் ஒரு மூச்சு அழுது தீர்த்தாள். அவளைச் சமாதானம் பண்ண அவர் ஒரு கணக்குச் சொன்னார். தன் உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருந்தால் கிளம்ப மாட்டார். ஒரு கிராம் கூடினாலும் நடை ரத்து. நிறுக்கிற வேலை அம்மாவுடையது. ஆஸ்பத்திரிச் சீட்டில் அவர் எடை எழுபது கிலோ, ஆகப் பை ஏழு கிலோ. சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மகள் போனை வைத்தாள்.

முதல் தடவை நிறுத்தபோது பை பதிமூன்று கிலோ நானூறு.

இரண்டு பேரும் மலையேற்றச் சாமான் கடைக்குப் போனார்கள். அங்கே கடைக்காரர் ஒரு டென்ட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "தூக்கிப் பாருங்கம்மா, தூக்கினதே தெரியாது" என்றார். அக்கா கைப்பையில் இருந்து சமையலறைத் தராசை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கடைக்காரருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சீட்டில் எழுதியிருந்ததைவிட நாற்பத்தொரு கிராம் கூடுதல். "ஆணியெல்லாம் சேத்தாம்மா" என்று இழுத்தார். "ஆணி இல்லாம டென்ட் பறந்துடாதா?" என்றாள் அக்கா. விலையைக் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் கவுன்ட்டரில் எடை ஏறினால்தான் கட்டணம் ஏறும். இங்கே எடை குறையக் குறைய விலை ஏறுகிறது. உலகம் தலைகீழாகப் போய்விட்டது என்று வழி நெடுக முணுமுணுத்தாள், ஆனாலும் வாங்கினாள்.

அப்புறம் மூன்று மாசம் அந்த வீட்டில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். பல்துலக்கியின் கைப்பிடியை அறுத்தார்கள். சட்டைக் கழுத்துத் துணிச்சீட்டுகளைப் பிரித்தார்கள். படுத்தால் முதுகுக்கடியில் நசுங்குகிற பஞ்சால் என்ன பிரயோஜனம் என்று, ஸ்லீப்பிங் பேகைக் கொடுத்துவிட்டு, மேலே மட்டும் போர்த்துகிற இறகுப் போர்வையாக மாற்றினார்கள். டென்ட்டுக்குத் தனிக் கம்பு வேண்டாம், ஊன்றி நடக்கிற கோல்களே தாங்கும். அடுப்பு வேண்டாம், ஓட்ஸைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்னலாம். அதை ஒரு வாரம் வீட்டில் தின்று பார்த்தார். "எப்படிங்க இருக்கு?" என்று கேட்டதற்கு, "லேசா இருக்கு" என்றார். வரைபடத்தை மடித்ததற்காக ஒரு காலத்தில் ஜூனியர்களை உண்டு இல்லை என்று பண்ணியவர், கத்தரியை எடுத்து வரைபடத்தின் நாலு ஓரத்தையும் வெட்டினார். ஒன்பது கிராம் மிச்சம்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். ஒவ்வொரு கிராமையும் அக்கா ஒரு நோட்டில் எழுதினாள். 'எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை என்னத்துக்குக் காயுது' என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வாள். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த மூன்று மாசம் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். நோயை அவளால் ஒன்றும் செய்ய முடியாது. எடையைக் குறைக்க முடியும், அது அவளுக்குத் தெரிந்த வேலை.

கிளம்ப முப்பது நாள் இருக்கும்போது, வழியில் அடுத்த ஊர் வரைக்கும் வேண்டிய உணவு, தண்ணீர் எல்லாம் சேர்த்துப் பை ஆறு கிலோ தொள்ளாயிரத்து எண்பதுக்கு வந்தது. சர்வேயர் பையை முதுகில் மாட்டிக்கொண்டு கூடத்தில் இரண்டு சுற்று நடந்தார். மகளுக்கு எடை போட்ட ரசீது மாதிரி ஏதாவது அனுப்ப வேண்டும், சமையலறைத் தராசை அவள் நம்ப மாட்டாள். தபால் நிலையத்தில் சாக்குகளை நிறுக்கும் பெரிய மெஷின் கீழறையில் இருந்தது. சனிக்கிழமை மதியத்தோடு கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். அதிகாரியிடம் சொல்லிவிட்டு அக்கா அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனாள்.

சாலையில் இருந்து பதினோரு படி இறங்கினால் கீழறை. இறங்கும்போது பையை அவள்தான் பிடித்துக்கொண்டாள். மெஷினின் எண் பலகை ஏறி நிற்கிறவருக்கு முதுகுப் பக்கம் இருக்கும். "எனக்குத் தெரியலயே" என்றார் அவர். "மூட்டைக்கு ஏதுங்க கண்ணு, அதான் அப்படி வச்சிருக்காங்க" என்றாள். பையோடு ஏறி நின்றார். எண் ஓடி நின்றது. அறுபத்தொன்பது கிலோ இருநூறு.

எழுபத்தேழுக்குப் பக்கத்தில் வரவேண்டியது. மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் அக்கா நினைத்தாள். அவரை இறங்கச் சொல்லிவிட்டு, எடை தெரிந்த சாக்கு ஒன்றைத் தூக்கி வைத்தாள். மெஷின் கச்சிதமாகச் சொன்னது. பையைத் தனியாக வைத்தாள். ஆறு தொள்ளாயிரத்து எண்பது. பிறகு அவரைத் தனியாக ஏறச் சொன்னாள். அறுபத்திரண்டு இருநூற்று இருபது.

மூன்று மாசமாக அந்த வீட்டில் அவள் நிறுக்காத பொருள் இல்லை. சட்டைப் பொத்தானை நிறுத்தாள், கால் நகவெட்டியை நிறுத்தாள், செருப்பு வாரை நிறுத்தாள். கட்டின புருஷனை நிறுக்கத் தோன்றவில்லை. எட்டு கிலோ அவள் கண்ணெதிரே, அவள் கையால் சாப்பாடு போடும்போதே போயிருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த பழைய எண்ணை நம்பி அவள் நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். நானெல்லாம் ஒரு பார்சல் கிளார்க்கா என்று நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டாள்.

சர்வேயர் எண்ணைக் கேட்டார், அவள் சொன்னாள். அவர் கொஞ்சம்கூட அசரவில்லை. "அப்ப பை ஆறு இருநூத்தி இருபது இருக்கணும்" என்றார். "இன்னும் எழுநூத்தி அறுபது குறைக்கணும். நோட்டை எடு."

டாக்டரிடம் ஓடினாள் அக்கா. மற்றவர்களுக்கு மூச்சு விடுவது வேலையே இல்லை, இவருக்கு அதுதான் நாள் முழுக்க மூட்டை தூக்குகிற வேலை, அதிலேயே உடம்பு கரைகிறது என்று டாக்டர் விளக்கினார். நிறையச் சாப்பிடச் சொன்னார். அவளும் கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். நாலு வாய்க்கு மேல் இறங்கினால்தானே.

அப்புறம் அது ஒரு ஓட்டப் பந்தயம் ஆகிவிட்டது. மாற்று உடுப்பு எல்லாவற்றையும் எடுத்தார்கள், பை ஆறு இருநூறு ஆனது. அடுத்த சனிக்கிழமை அவர் அறுபது நூறு. டார்ச்சை எடுத்தார்கள், தரைவிரிப்பை முதுகளவுக்கு வெட்டினார்கள், பை ஆறுக்கு வந்தது. அடுத்த சனிக்கிழமை அவர் ஐம்பத்தெட்டு நானூறு. பை ஒரு அடி வைத்தால் உடம்பு இரண்டடி வைத்தது. மகள் போன் பண்ணும்போதெல்லாம், "பத்துல ஒண்ணு இருக்காம்மா?" என்று கேட்டாள். "கிட்டத்துல இருக்கு" என்றாள் அக்கா.

கிளம்ப ஒன்பது நாள். பை ஐந்து எண்ணூறு. இனி எடுக்க ஒன்றும் இல்லை, இதில் எதை எடுத்தாலும் குளிரிலோ மழையிலோ சாக வேண்டியதுதான். அன்றைக்குப் படி இறங்கும்போதே சர்வேயர் நடுவில் இரண்டு தடவை நின்றார். மெஷின்மேல் ஏறி, எப்போதும்போல எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இடுப்பு வாரில் அவர் புதிதாகப் போட்டிருந்த ஓட்டை அவள் கண்ணில் பட்டது. எண் ஓடி நின்றது. ஐம்பத்தைந்து முந்நூறு.

"எவ்வளவு?" என்றார்.

"ஐம்பத்தொம்பது" என்றாள் கிராம் அக்கா.

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பொய் எடை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி, நாலு கிலோவுக்குப் பக்கம். இன்னும் ஒன்பது நாள் அந்த மனுஷன் நடக்கப் போகிறவனாகவே இருக்கட்டும், அவ்வளவுதான் அவள் நினைத்தது. தலைக்கு மேல் போன வெள்ளத்தில் சாண் என்ன, முழம் என்ன.

சர்வேயர் திரும்பினார். முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சி. "அப்ப நூறு கிராம் இடம் இருக்கே" என்றார். "ஒரு ஜோடி சாக்ஸ் சேத்து வச்சுக்கலாம், நனைஞ்சா மாத்த." "வச்சுக்கலாம்ங்க" என்றாள்.

"பையை இன்னிக்கு நானே தூக்கிட்டு ஏறுறேன்."

"வேண்டாங்க."

"ஐம்பத்தொம்பது இருக்கேன்ல, என்ன வேண்டாம்?"

அவள் பையைத் தூக்கி அவர் முதுகில் மாட்டிவிட்டாள். அவர் ஏறினார். மூன்றாவது படியில் சுவரைப் பிடித்தார். நாலாவது படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு உள்ளே போகிற சத்தம் கீழறை முழுக்கக் கேட்டது. அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். வெகு நேரம் கழித்துத்தான் அவருக்குப் பேச வந்தது.

"உண்மையச் சொல்லு."

"ஐம்பத்தஞ்சு முந்நூறுங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அப்ப ஐந்நூத்தி முப்பது… இல்ல, அஞ்சு கிலோ ஐந்நூத்தி முப்பது" என்று கணக்கில் தடுமாறினார். கணக்கில் அவர் தடுமாறி அவள் பார்த்ததே இல்லை. "திற" என்றார். "மழைக்கோட்டை எடு."

எடுத்தாள். எழுந்து ஒரு படி ஏறப் பார்த்தார், முடியவில்லை. "போர்வைய எடு." எடுத்தாள். "டென்ட்." அதையும் எடுத்தாள். சாப்பாட்டுப் பொட்டலங்கள், தண்ணீர், வரைபடம் எல்லாம் படியில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. காலிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு சர்வேயர் சுவரைப் பிடித்து எழுந்தார். ஐந்தாவது படி. ஆறாவது படி. அங்கே கால் மடங்கி உட்கார்ந்தார்.

"பையில இன்னும் என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லீங்க. வெறும் பை. முந்நூத்திப் பத்து கிராம்."

"அதையும் கழட்டு."

அவள் தோள் வார்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பையைக் கையில் வாங்கிக்கொண்டாள். அவர் எழுந்திருக்க முயன்றார், இடுப்பு ஒரு சாண்கூட எழும்பவில்லை. மேலே ஐந்து படி இருந்தது. கதவு வழியாகத் தெரு தெரிந்தது, ஆட்கள் பையும் கையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அப்ப இந்தக் கனம் முழுக்க நான்தான்" என்றார் சர்வேயர்.

அதில் எதைக் குறைப்பது என்று கிராம் அக்காவுக்குத் தெரியவில்லை.