அப்பாவோடு எழுந்து வந்த நாற்காலி

ஒரு சனிக்கிழமை அப்பா சீட்டாட்ட கிளப்பிலிருந்து எழுந்தபோது, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியும் அவரோடு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கைப்பிடியில் சிகரெட் சுட்ட ஓட்டை. வீட்டுக்கு யாராவது வந்தால் உட்காரச் சொல்ல ஒன்று குறைந்துகொண்டே இருந்தது, நல்ல வேளை வாங்கி வந்தீர்கள் என்று சொல்லி அம்மா ஈரத்துணியை எடுத்து வந்து துடைத்தாள். இரண்டு கால்களைத் துடைத்த பிறகுதான் அவை தரையைத் தொடவில்லை என்பதும், நாற்காலி அப்பாவின் முதுகோடும் தொடையோடும் ஒட்டியிருக்கிறது என்பதும் தெரிந்தது. "கழட்டி வைங்களேன்" என்றாள். "வர மாட்டேங்குது" என்றார் அப்பா, குடை மடங்கவில்லை என்று சொல்வதைப் போல.

நாற்காலி ஒட்டிக்கொண்டதில் வீட்டில் யாருக்கும் பெரிய ஆச்சரியமில்லை. கிளப் நாற்காலிகள் சிலரோடு போய்விடும் என்பது ஊரில் எல்லோரும் கேள்விப்பட்டதுதான். ஆள் மாறிப்போனதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. ஒட்டினால் பெரியப்பாவுக்குத்தான் ஒட்டும் என்று பெரியம்மா பதினைந்து வருடமாகக் காத்திருந்தாள்.

பெரியப்பா முடிதிருத்துபவர். காலையில் கடையைத் திறந்ததிலிருந்து இரவு எட்டு மணி வரை நின்றுகொண்டே இருப்பார். கடையை மூடியதும் நேராகக் கிளப்புக்குப் போவார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை, காய்ச்சலோடும் போயிருக்கிறார். "நாளெல்லாம் நிக்கிறேன், உக்கார எனக்கு ஒரு இடம் வேணாமா" என்பார். "ஏன், வீட்ல நாற்காலி இல்லையா" என்று பெரியம்மா கேட்பாள். "இருக்கு, அதுல நீ உக்காந்திருக்கியே" என்பார். அன்றைக்குக் கடைசியாக முடிவெட்டிக்கொண்டவர் கொடுத்ததை மட்டும் மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார். அது போய்விட்டால் மற்றவர்கள் ஆடுவதைப் பார்ப்பார். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்பதரைக்குப் பசிக்கும், எழுந்து வந்துவிடுவார். ஒரு முறை கையில் இரண்டு ஜோக்கர் இருந்தபோதே சீட்டைக் கவிழ்த்துவிட்டுச் சாப்பிட வந்துவிட்டார் என்று கிளப்பில் இன்றைக்கும் அவரைக் கேலி செய்கிறார்கள். நேற்று ஜெயித்தீர்களா என்று காலையில் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். ஆனாலும் தெருவில் அவருக்குச் சூதாடி என்றுதான் பெயர். தினமும் போகிறவரை வேறு என்னவென்று சொல்வார்கள்?

அப்பாவைத் தெருவில் தங்கக் கம்பி என்பார்கள். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஆபரேட்டர். குடிக்க மாட்டார், வெற்றிலை போட மாட்டார், வேலை முடிந்தால் வீடு. அதனால்தான் பெரியம்மா ஒரு நாள் மூக்கைச் சிந்திக்கொண்டு அவரிடம் வந்தாள். "தம்பி, சனிக்கிழமை மட்டுமாவது போய் உங்க அண்ணனைக் கையோட கூட்டிக்கிட்டு வந்துடுங்க. அன்னிக்குத்தான் பெரிய ஆட்டமாம். நீங்க போனா கொஞ்சம் பயப்படுவாரு." அப்பாவைப் பார்த்து யாரும் எதற்கும் பயந்ததில்லை. இருந்தாலும் அண்ணி கேட்டுவிட்டாளே என்று போனார்.

சில மாதங்கள் அவர் கிளப் வாசலுக்குப் பக்கத்தில், செருப்புகள் கிடக்கும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒன்பதரை ஆவதற்காகக் காத்திருந்தார். ஒன்பதரைக்கு அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடந்து வந்தார்கள். பெரியம்மாவுக்கு நிம்மதி. அதற்கு முன்பும் அவர் ஒன்பதரைக்குத்தான் வந்துகொண்டிருந்தார் என்பதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, ஒரு மேசையில் ஆள் போதவில்லை. "லிஃப்ட்காரரே, சும்மாதானே உக்காந்திருக்கீங்க, ஒரு கை குறையுது" என்று கூப்பிட்டார்கள். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். "வாயேன்டா, ஒரு ஆட்டம்" என்றார் பெரியப்பா. அந்த ஆட்டத்தில் அப்பா ஜெயித்தார். அதற்கடுத்த மாதங்களில், கூட்டி வரவேண்டியவர் ஒன்பதரைக்குத் தனியாக வீட்டுக்கு வந்தார். கூட்டி வரப் போனவர் ஞாயிற்றுக்கிழமை பால் வரும் நேரத்துக்கு வந்தார்.

அப்போதும் எல்லோரும் பெரியப்பாவைத்தான் திட்டினார்கள். "வாரத்துல ஒரு நாள்தானே" என்று அம்மா அப்பாவுக்காகப் பேசினாள். தினமும் ஆடுகிறவருக்கு ஒன்றும் ஆகவில்லை, வாரம் ஒரு தடவை ஆடுகிறவருக்கு என்ன ஆகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டபோது அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு லிஃப்டிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அன்றைக்குத்தான் எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது. யாராவது உள்ளே நுழைந்தால் அப்பா உதட்டுக்குள் ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டார். கண்ணாடி போட்டவர் வந்தால் அஞ்சு, கோப்பு வைத்திருப்பவர் வந்தால் ரெண்டு. அவர்கள் அதே மாடியைச் சொன்னால் அப்பாவின் முகம் வெளிச்சமாகும். வேறு மாடியைச் சொன்னால், அடுத்து வருகிறவரிடம் அதைச் சரிக்கட்ட வேண்டும். சில சமயம் அவர்கள் கேட்டதை விட்டுவிட்டுத் தான் நினைத்த மாடியிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். குழந்தையோடு வந்து ரெண்டாவது மாடி கேட்ட பெண் ஒருவரை ஆறாவது மாடியில் இறக்கிவிட்டு, "ஆறுன்னுதானே சொன்னீங்க" என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டார். அவர் ஆடியது சனிக்கிழமை மட்டும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மற்ற ஆறு நாளும் அவர் ஆட்டத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

நாற்காலி வந்த மூன்றாம் நாள் கிளப் நடத்துகிறவர் வீட்டுக்கு வந்தார். அது தன்னுடையதுதான் என்று கைப்பிடி ஓட்டையைப் பார்த்து உறுதி செய்துகொண்டார். "உங்களுதுன்னா எடுத்துக்கிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்" என்றாள் அம்மா. அவர் இழுத்துப் பார்த்தார். அப்பாவும் கூடவே வாசல் வரை போனார். வந்தவர் கையைத் தட்டிக்கொண்டு, வருடத்துக்கு நாலைந்து இப்படிப் போய்விடுவதாகவும், வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிடுவதாகவும் சொன்னார். டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது, "முட்டியை மட்டும் பாத்துக்குங்க. ஒவ்வொரு தடவை வந்து உக்காரும்போதும் கொஞ்சம் மடங்கும். மூலைக்காரர் மாதிரி ஆயிடப் போகுது" என்றார்.

மூலைக்காரர் முன்பு கடிகாரக் கடை வைத்திருந்தவர். முட்டி முழுதாக மடங்கிப்போய், நாற்காலியோடு கிளப்பிலேயே தங்கிவிட்டார். முதலில் அவர் மனைவி சாப்பாடு கொண்டுவந்தார், பிறகு கொடுத்தனுப்பினார், பிறகு அதுவும் நின்றுவிட்டது. எந்த மேசையில் கை குறைகிறதோ அந்த மேசைக்கு அவரைத் தூக்கி வைப்பார்கள். மற்ற நேரத்தில் மூலையில் இருப்பார்.

அதன் பிறகு நான் தினமும் அப்பாவின் முட்டியைத்தான் பார்த்தேன். சனிக்கிழமைகளில் அவர் போவது நிற்கவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் குள்ளமானார். அம்மா அவர் சட்டைகளின் முதுகைப் பிரித்து, நாற்காலிக்கு ஏற்றபடி நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தாள். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, தைலம் தேயுங்கள் என்றார். பட்டறைக்காரர் ஒருவர் நாற்காலியின் ஒரு காலை அறுத்துப் பார்த்தார், மறுநாள் விடிவதற்குள் அது முளைத்திருந்தது. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "சீட்டு எடுத்தாச்சா" என்று கேட்டுவிட்டு நாற்காலியைப் பார்ப்பார். "உங்களுக்கு உக்கார சீட்டும் வேணாம், ஆனா டிக்கெட்டு வேணும்" என்பார். சீட்டு என்ற சொல்லைக் கேட்டதும் அப்பாவின் விரல்கள் தாமாகவே விசிறி மாதிரி விரியும். சீக்கிரமே லிஃப்டில் ஏழாவது மாடிப் பொத்தான் அவருக்கு எட்டாமல் போனது. பிறகு ஆறாவதும் எட்டவில்லை. இப்படியே போனால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று மேனேஜர் சொன்னதாக அப்பா சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

பெரியப்பா அந்த வாரமே ஆட்டத்தை நிறுத்தினார். தான் நிறுத்தினால் தம்பியும் நிறுத்துவான் என்று நினைத்தார். கடையை மூடினார், வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், தூங்கினார். கை நடுங்கும், எரிந்து விழுவார், ராத்திரி எழுந்து ஓடுவார் என்று பெரியம்மா தாழ்ப்பாளுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம் ஆன பிறகு, இத்தனை வருடம் அழுததெல்லாம் எதற்கு என்று அவளுக்கே கோபம் வந்தது.

அப்பா கடைக்கு வந்து அவரிடம் கேட்டார். "எப்படிண்ணே விட்டீங்க?"

"விடறதுக்கு என்னடா இருக்கு. எழுந்தேன், வந்தேன்."

"நானும்தான் எழுந்திருக்கறேன். கூடவே அதுவும் எழுந்திருக்குதே."

பெரியப்பா கண்ணாடி முன்னால் அவரை நிற்க வைத்து, கேட்காமலேயே முடி வெட்டிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அம்மா கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கடைசியாக ஒரு தடவை என்று அப்பா சொன்னார். அவர் நாற்காலியோடு சுவர் ஓரத்தில் இருந்தார், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். பாத்திரம் கழுவ அம்மா உள்ளே போய்த் திரும்புவதற்குள் பின்பக்கச் சந்து வழியாகப் போய்விட்டார். அம்மா தரையில் உட்கார்ந்தாள். பிறகு எதையோ நினைத்துச் சட்டென்று எழுந்து நின்றுகொண்டாள். நான் ஓடிப்போய்ப் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளப்புக்குப் போனேன்.

மூலைக்காரருக்கு யாரோ டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், தெரிந்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்ததுபோல. அப்பா நடு மேசையில் இருந்தார். நாற்காலியின் நான்கு கால்களும் தரையில் ஊன்றியிருந்தன, அவருடைய முட்டி முழுதாக மடங்கியிருந்தது. "போலாம் வாடா" என்றார் பெரியப்பா. "இருங்கண்ணே, நான் இன்னும் எழுந்திருக்கல. ஒரே ஒரு சீட்டு, வந்துடும்." எப்போதும் இதைத்தான் சொல்வார். ஏன் வரவில்லை என்று கேட்டால், எழுந்திருக்கல. எப்போது வருவீர்கள் என்று கேட்டால், இன்னும் எழுந்திருக்கல. நினைத்தால் எழுந்திருக்கலாம், இன்னும் நினைக்கவில்லை என்பதுபோல.

அந்தச் சீட்டு வந்தது. அப்பா ஜெயித்தார். ஜெயித்தால் எழுந்துவிடுவார் என்றுதான் நான் அத்தனை நாளும் நம்பியிருந்தேன். அவருடைய கை அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு வாங்க நீண்டுவிட்டது. அப்போது என் முகத்தைப் பார்த்தார். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று அவரே எனக்கு ஒரு தடவை நடித்துக் காட்டியிருக்கிறார். அப்பாவுக்கு இப்போது அந்த முகம்.

"முடியலம்மா" என்றார் என்னிடம். "எழுந்திருக்க முடியல."

மேசையில் எல்லோரும் சீட்டைக் கீழே வைத்தார்கள். கடிகாரக் கடைக்காரர்கூட ஒரு நாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை என்று பிறகு கிளப் நடத்துகிறவர் எங்களிடம் சொன்னார். பெரியப்பா எழுந்திரு என்று சொல்லவில்லை. முடிவெட்டும்போது குழந்தைகளைத் தூக்கிப் பலகையில் வைப்பதுபோல அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். நான் நாற்காலியின் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டேன். கடைவீதி வழியாக அப்பாவை உட்கார்ந்த வாக்கில் தூக்கி வந்தோம். யாரோ ஒருவர் வழிவிட்டு, "பாத்து, படி இருக்கு" என்றார்.

அதன் பிறகு எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. முதல் சில வாரங்கள் அவரை வேலைக்கும் கடைக்கும் நாங்கள்தான் தூக்கிக்கொண்டு போனோம். சனிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் அப்பா பெரியப்பாவின் கடைக்கு வந்துவிடுவார். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையைப் பிடித்துக்கொண்டு, கடை மூடும் வரை நின்றுகொண்டே இருப்பார். முதலில் குனிந்தபடிதான் நின்றார். கூட்டமான நாளில் பெரியப்பா ஈரத் துண்டுகளை அந்த நாற்காலியின் முதுகில் உலரப் போடுவார். முடி வளர்கிற வேகத்தில்தான் முட்டி நிமிர்ந்தது. நடுவில் ஒரு புதன்கிழமை யாருக்கும் தெரியாமல் கிளப்புக்குப் போய், மூன்று மாதத்தில் நிமிர்ந்ததை ஒரே ராத்திரியில் தொலைத்துவிட்டார். அங்கிருந்து அவரே தொலைபேசியில் கூப்பிட்டு, முடியல என்றார். நாங்கள் போய்த் தூக்கிக்கொண்டு வந்தோம். மறுபடியும் பலகையிலிருந்து தொடங்கினார். ஒரு வருடத்துக்குப் பிறகு ஏழாவது மாடிப் பொத்தான் எட்டியது. லிஃப்டில் இருந்த ஸ்டூலை மேனேஜர் வேறு இடத்துக்கு எடுத்துக்கொண்டார், அப்பாவிடம்தான் சொந்தமாக ஒன்று இருக்கிறதே என்று. அப்பா அதில் உட்காருவதில்லை.

பெரியப்பா மறுபடி கிளப்புக்குப் போகத் தொடங்கிவிட்டார், சனிக்கிழமை தவிர மற்ற ஆறு நாளும். ஒன்பதரைக்குப் பசிக்கிறது, எழுந்து வருகிறார். பெரியம்மா பழக்க தோஷத்தில் திட்டுகிறாள். யாரையும் கூட்டி வர அனுப்புவதில்லை.

எனக்கு ஒரு பயம் இருக்கிறது, அதை அம்மாவிடம் சொல்லவில்லை. வகுப்பில் அடுத்து எந்த ஆசிரியர் வருவார் என்று பந்தயம் கட்டினோம். நான் சொன்னவரே வந்தார். நெஞ்சுக்குள் சூடாக ஒன்று பரவியது, இன்னொரு தடவை வேண்டும் போலிருந்தது. மணி அடித்து எழுந்தபோது பெஞ்சு என்னை விடுவதற்குக் கொஞ்சம் யோசித்த மாதிரி இருந்தது. அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் திட்டவில்லை. என் பின்னால் வந்து முதுகைக் கையால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். "இப்ப ஒண்ணுமில்ல" என்றார். "இருந்தா எங்கிட்ட சொல்லு. பெரியப்பாகிட்ட கேக்காத, அவருக்குத் தெரியாது."

நாற்காலி இன்னும் அப்பாவோடுதான் இருக்கிறது. வெயிலில் நிறம் மங்கி இளஞ்சிவப்பாகிவிட்டது. அம்மா வாரம் ஒரு முறை அதையும் சேர்த்துத் துடைக்கிறாள். மற்ற நாளில் எடை தெரிவதில்லை, சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கனக்கிறது என்கிறார் அப்பா. அப்போது கடைக் கதவுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். பெரியப்பா கத்தரியை நிறுத்தாமல், திரும்பியும் பார்க்காமல் கேட்பார்.

"நிக்கிறியாடா?"

"நிக்கிறேண்ணே."

காத்திருப்பவர்களில் அடுத்தவர் எழுந்து வருவார்.