சும்மா ஓடும் ஃபேன்கள்

எழுந்தான். பல் தேய்த்தான். முந்தின நாள் சட்டையையே உதறிப் போட்டுக்கொண்டான். நின்றபடியே ரொட்டியைத் தின்று, கதவைப் பூட்டி, கம்பெனி பஸ்ஸில் ஏறினான். பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. இப்போதெல்லாம் அப்படித்தான்.

திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவன் வேலை. ஆலை இழுக்கிற மின்சாரத்துக்கு ஏற்ப அதில் கோடு ஏறும், இறங்கும். அனுமதித்த அளவைத் தாண்டினால் அபராதம். அதனால் கோடு உச்சிக்குப் போனால், பொருள் செய்யாத எதையாவது மேனேஜர் நிறுத்திவிடுவார். பெயின்ட் பிரிவில் தின்னர் நெடியை வெளியே தள்ளும் ஃபேன்களும் அந்தக் கணக்கில்தான் வந்தன.

"சும்மா ஓடுற சனியன்" என்பார்.

அந்தப் பிரிவில்தான் அவன் மனைவி வேலை பார்த்தாள். போன மழைக்காலத்தில், ஃபேன்கள் நின்றிருந்த ஒரு மதியம், அங்கேயே விழுந்தாள். எழவில்லை.

இன்று ஆலைக்கு மின்சேமிப்பு விருது. கேன்டீனில் மேடை. மேனேஜர் சென்ட்டில் குளித்து வந்திருந்தார். கிட்டே நிற்கவே இவனுக்குக் குமட்டியது.

"தம்பி, உன் சம்சாரத்தைப் பத்தி நாலு வார்த்தை சொல்லப்போறேன். பக்கத்துல நின்னு ஆமான்னு தலையாட்டு, போதும்."

"அந்த ஃபேனுங்க?"

"விருதே அதனாலதானப்பா. அடுத்து வெல்டிங்லயும் நிறுத்தறோம். நீயே தலையாட்டிட்டா எவன் வாயத் திறப்பான்?"

அவனை மேடையில் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, மேனேஜர் மைக் முன்னால் தொண்டையைக் கனைத்து ஒரு தழுதழுப்பை வரவழைத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு கடைசியா என்ன சொல்லுச்சு தெரியுமா? 'கம்பெனிக்கு மிச்சம் பிடிச்சுக் குடுங்க'ன்னு இவர்கிட்ட சொல்லிட்டுத்தான் கண்ண மூடுச்சு."

முன்வரிசை கைதட்டியது. பின்னால் பெயின்ட் பிரிவுப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு இவனையே பார்த்தார்கள்.

"நாக்கு அழுகிப்போகும்" என்றாள் ஒருத்தி, மேடைக்குக் கேட்கும்படியே.

குமட்டி வாயெல்லாம் எச்சில் ஊறியது அவனுக்கு. துப்ப இடமில்லை. விழுங்கிவிட்டு மைக்கைப் பிடுங்கினான்.

"அப்படி எதுவும் அவ சொல்லல. அன்னைக்கு என் கன்ட்ரோல் ரூமுக்கு போன் பண்ணினா. நான் போய் இவர்கிட்ட கேட்டேன். கோடு இறங்கட்டும், போடலாம்னார். இறங்கறதுக்குள்ள அவ போயிட்டா."

மேனேஜரின் கை மைக்கைத் தேடி வந்தது. அவன் ஓர் அடி தள்ளி நின்றான்.

"போன்ல அவ சொன்னது இதுதான். 'ஏங்க, உங்க மேனேஜர் மூஞ்சிய இந்த தின்னர் டிரம்முக்கு மேல கொஞ்ச நேரம் பிடிச்சு வையுங்க, அப்பத் தெரியும். ஃபேனைப் போடச் சொல்லுங்க. கண்ணெல்லாம் எரியுது.'"