அரிவாளில் கட்டிய மணி

1

கண்ணுகளா, முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது நான் யோசித்துக் கட்டிய கதையல்ல. மட்டாஞ்சேரியில் மத்தி மீன் வாங்க நின்றபோது, பக்கத்தில் நின்ற பாண்டிச்செல்வி சொன்னது. கேட்ட சுவாரசியத்தில் மத்தி வாங்காமலே வந்துவிட்டேன்.

அவள் கணவன் முத்துராமலிங்கம் துப்புரவுத் தொழிலாளி. வேலை நிரந்தரமானால் கருப்பசாமிக்கு மணி கட்டிய அரிவாள் காணிக்கை வைப்பதாக நேர்ந்துகொண்டான். நிரந்தரமானது. அரிவாளோடு கோயிலுக்குப் போகும் வழியில், கொச்சங்காடியில் போலீஸ் பிடித்தது. சட்டவிரோதமாக ஆயுதம் எடுத்துச்சென்றதாகக் கீழ்க்கோர்ட்டில் தண்டனை. மேல்முறையீட்டிலும் தோற்றால் வேலை போய்விடும்.

(சாமிக்கென்று சொல்லவில்லையா? சொன்னான். யாரும் நம்பவில்லை. கைப்பிடியில் சுற்றிய சிவப்புத் துணியை அவிழ்த்திருந்தால் மணிகள் தெரிந்திருக்கும். ஆனால் அவர்கள் வழக்கத்தில் அந்த மணி முதன்முதலில் சாமி முன்னால்தான் ஒலிக்க வேண்டும். பஞ்சு திணித்து இறுக்கிக் கட்டியவன், மணியைப் பற்றி வாயே திறக்கவில்லை.)

2

அன்று நீதிமன்றத்தின் மேல் கருமேகங்கள் திரண்டு—

இந்த வரியை அடித்துவிட்டேன். நல்ல வெயில் அன்றைக்கு.

மேல்முறையீட்டு விசாரணைக்கு முன், சாயா குடிக்கும்போது, பாண்டிச்செல்வி வக்கீல் அம்பிளியிடம் மணியைப் பற்றிச் சொல்லிவிட்டாள்.

"சேச்சி, இது முதல்லயே பறயண்டே!" முன்பே சொல்லியிருக்க வேண்டாமா என்று அம்பிளி தலையில் கைவைத்தாள்.

முத்துராமலிங்கம் கொதித்தான். "சாமி கேக்குறதுக்கு முந்தி ஜட்ஜி கேக்கவா, புள்ள?"

"ஏன், உங்க சாமிக்குக் கோர்ட்டு வரைக்கும் காது கேக்காதா?" என்றாள் பாண்டிச்செல்வி.

3

இங்கே அம்பிளிக்கு நீளமாக ஒரு வாதம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். தேவைப்படவில்லை.

அவள் கேட்டுக்கொண்டபடி நீதிபதி சொல்ல, கோர்ட்டில் வைத்திருந்த அரிவாளின் துணியை ஊழியர் அவிழ்த்தார். பஞ்சு உதிர்ந்தது. அரிவாளைத் தூக்கியதும் மணிகள் ஜல்லென்று குலுங்கின. அம்பிளி மலையாளத்தில் கேட்டது இவ்வளவுதான்: "ஆளை வெட்டப் போகிறவன் மணி கட்டிக்கொண்டா போவான்?"

நீதிபதி விரலால் தடவிப் பார்த்தார். சாணையே பிடிக்காத மழுங்கல் இரும்பு. தண்டனை ரத்து. அரிவாளைத் திருப்பிக் கொடுக்கவும் உத்தரவு.

முத்துராமலிங்கம் கைகூப்பினானாம். நீதிபதியைப் பார்த்தா, அரிவாளைப் பார்த்தா என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒரே பக்கமாத்தான இருந்துச்சு!" என்றாள் பாண்டிச்செல்வி.

4

அவன் அரிவாளில் துணியை மறுபடி சுற்றி, சத்தமில்லாமல் கோயிலுக்குப் போவதாக ஒரு முடிவு எழுதினேன். அதற்குப் பாண்டிச்செல்வி சம்மதிக்கவில்லை.

"ஒளிச்சு எடுத்துட்டுப் போயித்தான மாட்டுனீங்க? உத்தரவு கையில இருக்கு. ஆட்டிக்கிட்டே நடங்க."

கொச்சங்காடி முனை வந்துவிட்டது. அதே போலீஸ்காரர் நிற்கிறார்.

அவரிடம் என்ன சொல்வது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், கண்ணுகளா. மணியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.