சுத்தம் செய்து தரவும்

மனு எழுதியது நான்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

பாலத்தில் நின்று பார்த்தால், இந்த நகரத்தில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருப்பது எங்கள் ஆற்றங்கரை மேடு ஒன்றுதான். சுவர்போல் செங்குத்தாக நிற்கும். உச்சியிலிருந்து அடிவரை புதரும் கொடியும். அதன் அடியில் என் வீடு, ஒட்டினாற்போல் என் நாத்தனார் வீடு. மேலே சாலையில் நின்று குடிப்பவர்கள் எறியும் பாட்டில்கள் எங்கள் கூரையில் விழுந்து உடைந்தன. நான் தையல்காரி, எனக்கு வாய் நீளம், எழுத்து சுமார். "மேட்டைச் சுத்தம் செய்து தரவும்" என்று எழுதி நகராட்சியில் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு சட்டைக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்தேன். வீடே அதிர்ந்தது. வெளியே ஓடிப் பார்த்தால், மண் அள்ளும் வண்டி ஒன்று உச்சியில் நின்று மேட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. நாத்தனார் வீட்டுக்கு மேலே பாதி மேடு மொட்டை. ஒரு வேர்கூட இல்லை.

மூச்சிரைக்க ஏறினேன். மேற்பார்வையாளர் என் மனுவையே என்னிடம் நீட்டினார்.

"உங்க கையெழுத்துதானேம்மா?"

"பாட்டிலைப் பொறுக்கச் சொன்னேன்யா! பிசிறை வெட்டுன்னா சட்டையையே வெட்டுவியா? அந்த வேருதான் மண்ணைப் பிடிச்சிருக்கு. மழை பெய்ஞ்சா மொத்தமும் எங்க தலையிலதான்!"

"எங்க ஆபீஸ்ல சுத்தம்னா இதுதாம்மா. குப்பைன்னா 'அகற்றவும்'னு எழுதணும்."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்திருக்கிறேன். ஓங்கி அறையலாம் போல ஆத்திரம். அவரையா, என்னையா என்றுதான் தெரியவில்லை. வண்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார்.

மேற்பார்வையாளர் அதிகாரிக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தார்.

"இனிமே ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார் அதிகாரி. "வேலை முடிஞ்சதுன்னு நேத்தே பதிவு பண்ணியாச்சு."

"முடிஞ்ச வேலைக்கு வண்டி எதுக்கு? எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க!"

போனை மேற்பார்வையாளரிடம் கொடுக்கச் சொன்னார். பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பிப் போய்விட்டது.

என் வீட்டுக்கு மேலே பச்சை அப்படியே இருந்தது. ஜெயித்துவிட்ட திமிரோடு இறங்கி வந்தேன். நாத்தனார் தன் வாசலில் நின்று, தலைக்கு மேலிருந்த வெற்று மண்ணை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பக்கம் தப்பிச்சிடுச்சு அண்ணி" என்றாள். "நான் எந்த மனுவும் எழுதலையே."