தூக்க ஆள் வேண்டாம்

மதுமதி அன்று பதினோராவது விடுதிக்குப் போன் போட்டாள்.

"வீல்சேர் வந்து போற மாதிரி ரூம் இருக்கா சார்?"

"எல்லா வசதியும் இருக்கு மேடம். லிஃப்ட்டே இருக்கு."

"லிஃப்ட் வரைக்கும் எத்தனை படி?"

"மூணே மூணு படிதான். நம்ம பசங்க நாலு பேர் இருக்காங்க, அலேக்காத் தூக்கிடுவாங்க."

நன்றி சொல்லி வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த ஸ்ரீரஞ்சனி நோட்டில் பதினோராவது பெயரையும் அடித்தாள்.

இரண்டு பேருக்கும் பழக்கம் ஏற்பட்டது அடையாற்றில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில். எட்டு வருஷத்துக்கு முன் ஸ்கூட்டர் விபத்தில் மதுமதிக்கு முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. தி. நகரில் அப்பாவின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்து வீடியோ காலில் புடவை விற்கிறாள். மயிலாப்பூர் ஸ்ரீரஞ்சனி வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுப்பவள். மூட்டுவாதம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடப்பாள், பிறகு உட்கார வேண்டும். படி என்றால் ஒன்றுகூட ஆகாது.

ஏலகிரிக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது யார் என்பதில் இருவருக்கும் இன்னும் சண்டை உண்டு. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை மதுமதி போட்டதுதான்: யாரும் யாரையும் தூக்கக் கூடாது. சித்தப்பா மகன் கல்யாணத்தில் அவளை நாற்காலியோடு நாலு பேர் மேடைக்குத் தூக்கிப் போனார்கள். "பாத்து, பாத்து, தூண்ல இடிக்கப் போகுது" என்று கீழேயிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். தான் ஒரு சோபா என்றே அப்போது அவளுக்குத் தோன்றியது. அதன் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் அவள் போகவில்லை.

அப்பா சிதம்பரநாதன் விஷயத்தைக் கேட்டதும் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"ரெண்டு பொம்பளப் பிள்ளைய தனியா எப்படிம்மா? தூக்கதுக்கு ஒரு ஆளாவது வேணும்லா?"

"தூக்க வேண்டாத இடமா தேடிக்கிட்டிருக்கேன்ப்பா."

"அப்படி ஒரு இடம் உண்டா?"

மதுமதி இப்போது பன்னிரண்டாவது எண்ணுக்குப் போட்டாள்.

எடுத்தவர் பெயர் செம்பியன், ஏலகிரியில் ஒரு சின்ன விடுதியின் மேனேஜர். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டாள்.

"தெரியலியே மேடம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. அளந்துட்டுச் சொல்லட்டுமா?"

ஸ்ரீரஞ்சனி நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "இவர விடாதேடி!" என்று உதட்டசைவில் சொன்னாள்.

பத்து நிமிஷத்தில் வீடியோ காலில் வந்தார். தரைத்தளம். வாசலில் படி இல்லை, சரிவுதான். கட்டில் உயரம் சரி. குளியலறைக் கதவை அகலத் திறந்து இரும்பு டேப்பை வைத்தார். இருபத்து மூன்றரை அங்குலம். மதுமதியின் நாற்காலி இருபத்து நாலரை.

ஒரே ஒரு அங்குலம். மதுமதிக்கு அழுகை வந்தது. போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"மேடம், மேடம், இருக்கீங்களா?" மடிக்குள்ளிருந்து செம்பியன் கூப்பிட்டார். "கதவு திறந்து நிக்கிறதுலயே ஒண்ணரை அங்குலம் போகுது. கதவையே கழட்டிட்டா? ஸ்கிரீன் துணி மாட்டித் தர்றேன்."

"இருபத்தஞ்சு!" என்று கத்தினாள் ஸ்ரீரஞ்சனி. கணக்கு டீச்சர் அல்லவா.

அடுத்தது கார். கடையிலிருந்து பனகல் பார்க் பக்கத்து டாக்சி ஸ்டாண்டுக்கு மதுமதி டேப்போடு உருட்டிக்கொண்டு போனாள். நாற்காலிக்கும் கார் சீட்டுக்கும் நடுவே வழுவழுப்பான பலகை ஒன்றைப் போட்டு, கையை ஊன்றி அதன்மேல் நகர்ந்துதான் அவள் காரில் ஏறுவாள். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் அது நடக்கும். பெரிய வண்டிகள் எல்லாம் எட்டாத உயரம். சின்ன வண்டிகளில் உட்காரலாம், திரும்ப மேலே வர முடியாது. ஆறாவது வண்டிக்காரர் அக்பர் பாஷா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, சீட்டை அளந்துக்கினு கீறே? கவர் தைக்கப் போறியா?"

"ஏறிப் பாக்கணும்ண்ணே. நீங்க பிடிக்கக் கூடாது."

"ஏறு. நான் எதுக்குப் புடிக்கறேன்?" அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஏறினாள். இறங்கினாள். சந்தோஷத்தில் மறுபடி ஏறினாள்.

மிச்சம் குளியலறைதான். இரண்டு பக்கமும் கால் கால் அங்குலம் இடைவெளியில் நுழைய முடியுமா? ஞாயிற்றுக்கிழமை கே.கே. நகரில் மதுமதியின் அடுக்குமாடி வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் ஸ்ரீரஞ்சனி ஸ்டூலில் உட்கார்ந்து அளவு சொல்ல, மதுமதி சாக்பீஸைக் குச்சியில் கட்டித் தரையில் குளியலறையை வரைந்தாள். கதவு நிலைக்குப் பதிலாகக் கடையிலிருந்து வந்த இரண்டு துணிப் பண்டல்களை நிறுத்தினார்கள். முதல் தடவை முழங்கை இடித்து ஒரு பண்டல் விழுந்தது. இரண்டாம் தடவை இன்னொன்று. சக்கரத்தை உருட்டாமல், நிலையைப் பிடித்துத் தன்னை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஐந்தாம் தடவைதான் புரிந்தது. பண்டல் அந்த இழுப்புக்கு நிற்கவில்லை.

மாடியிலிருந்து அப்பா இறங்கி வந்தார். ஒரு பண்டலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொன்றைக் காவலாளி பிடித்தார். மதுமதி இழுத்தாள். உரசாமல் உள்ளே போய்விட்டாள்.

ஸ்ரீரஞ்சனி கைதட்டினாள். அப்பா பண்டலைக் கொஞ்சம் உள்ளே நகர்த்தினார்.

"அந்த மேனேஜர் அளந்தது தப்பா இருந்துச்சுன்னா? இருபத்தி நாலே முக்கால்ல ஒருக்க வந்து பாரு."

வந்தாள். "இன்னொருக்க" என்றார். இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா கூப்பிடும் வரை அவர் விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். வேலூர் தாண்டும் வரை ஸ்ரீரஞ்சனி வாய் ஓயாமல் பேசினாள், மலையேறத் தொடங்கியதும் ஒவ்வொரு வளைவையும் சத்தமாக எண்ணினாள். பதினாலு. விடுதி வாசலில் செம்பியன் புதுச் சட்டையில் நின்றார்.

"நீங்க வர்றீங்கன்னு நேத்துதான் புதுசா ஜல்லி போட்டோம் மேடம்!"

காரிலிருந்து அறை வரை நாற்பதடிக்கு வெள்ளை வெளேரென்று பொடிஜல்லி. மதுமதி இறங்கி ஒரு உருட்டு உருட்டினாள். முன் சக்கரம் புதைந்தது. இன்னொரு உருட்டுக்கு இன்னும் ஆழமாகப் போனது. செம்பியனின் முகம் வெளுத்துவிட்டது. சமையல்கட்டிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். "தூக்கிடலாம் மேடம், ஒரு நிமிஷம்தான்."

"வேண்டாம்" என்றாள். இவ்வளவு அளந்தும் நாற்பதடியில் நின்றுபோனோமே என்றிருந்தது.

அக்பர் பாஷா காருக்குள் குனிந்து கால்மிதி ரப்பர் பாய்கள் நாலையும் உருவினார். "இரு, இன்னா அவசரம்?" என்றபடி ஜல்லியில் வரிசையாகப் போட்டார். மதுமதி பின்னுக்கு உருட்டிச் சக்கரத்தை மீட்டு முதல் பாயில் ஏறினாள். மூன்றாவது பாய்க்குப் போனதும் முதல் இரண்டை எடுத்து முன்னால் போட்டார் செம்பியன். "லெஃப்ட்ல இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கோ!" என்று காரிலிருந்தே ஸ்ரீரஞ்சனி உத்தரவு போட்டாள். அப்புறம் அவளும் அதே பாய்களின் மேல் வாக்கரை ஊன்றி, நடுவில் மூன்று முறை நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். மொத்தம் இருபது நிமிஷம். ஒருவரும் ஒருவரையும் தொடவில்லை.

"மத்தியானத்துக்குள்ள ஜல்லிய வாரிடறேன்" என்றார் செம்பியன்.

நீலப்பூப் போட்ட ஸ்கிரீனை விலக்கி மதுமதி நிலையைப் பிடித்து இழுத்தாள். நாற்காலி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கதவு இல்லாத அந்தக் குளியலறையில், யாரையும் கூப்பிடாமல், தலைக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டாள்.

வெளியே வராந்தாவில் ஸ்ரீரஞ்சனி கூவினாள். "மது, சீக்கிரம் வாடி! மேகம் உள்ள வந்துண்டிருக்கு! நெஜம்மா, ரூமுக்குள்ளயே வந்துண்டிருக்கு!"

"போக விடாதே, பிடிச்சு வை!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு மதுமதி வேகமாக உருட்டினாள்.