அண்ணி கண்டுபிடித்த விதி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை திருட்டுச் சரக்கு. என் அண்ணியின் பயத்தை அவளுக்குத் தெரியாமல் எடுத்து எழுத ஆரம்பித்தேன். பாதியில் அகப்பட்டுக்கொண்டேன். இப்போது அவளும் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவதால், எந்த வாக்கியம் யாருடையது என்று எனக்கே குழப்பம்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "சலவைக் கூடத்து நீராவிக்கு நடுவே அவள் கண்களில் ஒரு கனவு..."

"கனவா? கண்ணுல வேர்வைதான் இருக்கும்," என்றாள் அண்ணி. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "படிப்புக்கு வயது ஏது..." (சீ. இதை எழுதிய கையில் நாலு போட வேண்டும்.)

மூன்றாவது, வெறும் தகவல். அண்ணி ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறாள். ஈரமான படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனை பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். விரலை எடுக்கக் கொஞ்சம் தாமதித்தால் தோல் போய்விடும். அந்த இயந்திரங்களைப் பழுது பார்ப்பவளாக ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு மாலை நேர டிப்ளமோ படிக்க வேண்டும், அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அந்தத் தேர்வில் பாதிக்குப் பாதி நுண்கணிதம். வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவளுக்குக் கிடையாது.

இப்படியே தொடங்கியிருக்கலாம்.

2

புத்தகம் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியது. கடைசிப் பக்கங்கள் இல்லை. கடைக்காரர் கிழித்து எதையாவது மடித்துக் கொடுத்திருப்பார். விடைகள் இருந்தது அந்தப் பக்கங்களில்தான். பாடம் கேட்க, நூலகத்துக் கம்ப்யூட்டரில் இலவச வீடியோ. ஹெட்போனில் ஒரு காது மட்டும் பேசும். கால்குலேட்டர் யாரோ வைத்திருந்து விற்றது. போட்டுப் பார்க்க, சலவை மூட்டைகளோடு வரும் சீட்டுகளின் பின்பக்கம். முன்னால் "பிரசவ வார்டு, விரிப்பு" என்று இருக்கும், பின்னால் வகையிடல்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: வகையிடல் என்றால், ஒன்று மாறும்போது அதைச் சார்ந்த இன்னொன்று என்ன வேகத்தில் மாறுகிறது என்று பார்ப்பது. இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். நான் கணக்கில் தேறியதே ஆண்டவன் புண்ணியம்.)

விடை இல்லாத புத்தகத்தை வைத்துக்கொண்டு சரியா தப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அண்ணி ஒரு வழி வைத்திருந்தாள். எண்ணைத் துளியூண்டு கூட்டுவாள், விடை எவ்வளவு நகர்ந்தது என்று கால்குலேட்டரில் தட்டுவாள், அதைக் கூட்டின துளியால் வகுப்பாள். தான் போட்ட விடையோடு ஒத்துப்போனால் ஒரு டிக். எல்லாமே ஒத்துப்போயிற்று, சைன் வருகிறவரை.

3

சைனை வகையிட்டால் காஸ் என்றது புத்தகம். கால்குலேட்டரோ, காஸை 0.01745ஆல் பெருக்கினால் என்ன வருமோ அதைக் காட்டியது. மாற்றி மாற்றிப் போட்டாலும் அதே 0.01745.

அண்ணி கால்குலேட்டரை நம்பினாள்.

இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அச்சடித்த புத்தகத்தை விட்டுவிட்டு ஓட்டைக் கால்குலேட்டரை நம்புவாளா ஒருத்தி? வாசகர்கள் சிரிக்க மாட்டார்களா? நேராகவே கேட்டேன்.

"புத்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் அச்சுப்பிழை. கால்குலேட்டர் அதுவரைக்கும் என்னை ஒரு தடவகூட ஏமாத்தல. நீயா இருந்தா யார நம்புவே?"

அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஆக, சைன் வருகிற இடமெல்லாம் 0.01745ஆல் பெருக்கு என்று தனக்கே ஒரு விதி செய்துகொண்டாள். மாதக்கணக்கில் அதை வைத்தே கணக்குப் போட்டாள். பிறகு ஒருநாள் நூலகத்தில், வீடியோ வாத்தியார் போகிற போக்கில் சொன்னார்: கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அண்ணி பார்த்தாள். திரையின் மூலையில் எறும்பு அளவுக்கு, டிகிரி என்பதற்கான எழுத்து. கோணத்தைப் புத்தகம் ஓர் அளவில் அளந்திருக்கிறது, கால்குலேட்டர் வேறோர் அளவில்; ஒரு டிகிரி என்பது 0.01745 ரேடியன். வாங்கிய நாளிலிருந்தே அது அப்படித்தான் இருந்திருக்கிறது.

(டிகிரிக் கணக்கில் அண்ணியின் விதி சரிதானாம். "தவறுக்குள்ளும் ஒரு..." என்று ஆரம்பித்தேன். அண்ணி ஒரு முறை முறைத்தாள். தேர்வில் அதற்கு மார்க் கிடையாது.)

4

அவள் சமையலறைத் தரையில் சீட்டுகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தபோது நான் போனேன்.

"ஒரு பட்டன மாத்திட்டாச் சரியாப் போச்சு, விடுங்க அண்ணி."

"பட்டன் கெடக்கட்டும். இது கண்ணுல பட்டுச்சு, தெரிஞ்சுபோச்சு. படாம இன்னும் எத்தன தப்ப மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேனோ. வாத்தியார்னு ஒருத்தர் இருந்தா, அவர் மூஞ்சி போற போக்குலயாவது தப்புன்னு தெரியும். எனக்கு யார் மூஞ்சி இருக்கு?"

டிக் போட்டிருந்த சீட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி தட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். தனியாகப் படிப்பதில் இப்படி ஒரு பயம் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தது எவ்வளவு என்று எண்ணிவிடலாம், தப்பாகத் தெரிந்துவைத்திருப்பதை எங்கே போய்த் தேடுவது?

அண்ணன் வாசற்படியில் நின்று, "பாஸானாப் பாப்போம், இல்லாட்டிப் போகுது. என்ன கொலைக் குத்தமா?" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்.

"போகுதுன்னு நீங்க சொல்லிடுவீங்க. போனா அப்புறம் எனக்கு என்ன இருக்கு? சாகுறவரைக்கும் விரிப்புதான்."

அண்ணன் கதவோரம் பறந்து வந்த சீட்டு ஒன்றைக் குனிந்து எடுத்து அவளிடம் நீட்டினான்.

5

முடிவு (அ): அண்ணி தேறுகிறாள். பழுதான உருளையை அவளே கழற்றிப் போட்டு...

முடிவு (ஆ): அண்ணி தேறவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல...

இரண்டையும் படித்துவிட்டுக் காகிதத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"தேறிட்டேன்னு எழுதினா கண்ணு பட்டுடும். தேறலன்னு எழுதினா பலிச்சிடும். உனக்குக் கரிநாக்கு, தெரியுமில்ல? எதிர்வீட்டுக்காரர் புதுசா வாங்கின வண்டிய சுவத்துல இடிக்கப் போறார்னு சொன்னே. சாயங்காலமே இடிச்சார்."

"அவருக்கு ஓட்டத் தெரியாது, இடிச்சார். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"ஒண்ணும் பண்ணாத. முடிவு மட்டும் எழுதாத."

இதையெல்லாம் நான் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் இரண்டு முடிவுகளையும் கிழித்துப் போட்டேன். மேலே நீங்கள் படித்தது கிழித்ததில் மிஞ்சிய துண்டு.

6

இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் தேர்வுக் கூடத்துக்கு வெளியே, மதிலோர பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணன் உட்கார முடியாமல் தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடக்கிறான்.

உள்ளே போவதற்கு முன்னால் அண்ணி என் கையைப் பிடித்தாள். "சைன வகையிட்டா காஸ். வெறும் காஸ். வேற ஒண்ணும் பெருக்கக் கூடாது. சரிதானே?"

எனக்கென்ன தெரியும்? வேகமாகத் தலையாட்டினேன். அவள் என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள்.

மணி அடித்துவிட்டது. கதவைத் திறக்கிறார்கள். முதலில் வருகிறவன் போனில் சிரித்துப் பேசிக்கொண்டே போகிறான். பின்னால் ஒரு பெண் யாரையும் பார்க்காமல் விடுவிடுவென்று நடக்கிறாள். அதற்கும் பின்னால், கூட்டம் முழுவதும் கலைந்த பிறகு, அண்ணி. நடையை வைத்து அவள்தான் என்று தெரிகிறது. முகம் இன்னும் தெரியவில்லை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எழுதுகிற மாதிரி இருக்கிறேன். எழுத ஒன்றுமில்லை. அண்ணன் நடப்பதை நிறுத்திவிட்டான். அவள் செருப்புச் சத்தம் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

எனக்கு நிமிரத் தைரியம் இல்லை. நீங்கள் பாருங்கள். அவள் முகம் எப்படி இருக்கிறது?