சாம்பல் தொட்ட முறுக்கு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. ஆரணியில் மாவு மில் வரிசையில் நின்றபோது தானாக வந்து விழுந்தது. 1981, தீபாவளிக்கு முந்தின வாரம். கரண்டு போய்விட்டது. மில்காரர் பீடி பற்றவைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். எனக்கு முன்னால் அரிசி டின்னோடு நின்றவள் தேவகி, பட்டு நெய்கிற வீட்டுப் பெண். நான் இந்த ஊருக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் முந்தானையைப் பின்னாலிருந்து ஒரு குழந்தைக் கை இழுத்துக்கொண்டே இருந்தது. அதைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு அவள் பேசினாள்.

"பசங்கள வச்சுகினு பலகாரம் சுடறது இருக்குதே, அந்தப் பாவம் எதிரிக்குக்கூட வேணாம் யக்கா. போன தீபாவளிக்கு நான் பட்ட பேஜாரு இருக்குதே..."

எனக்குக் காது நீண்டுவிட்டது. காரணம், ஒரு மாத இதழின் பொங்கல் மலருக்கு ஆசிரியர் என்னிடம் கேட்டிருந்தது இதைத்தான். 'குழந்தைகளோடு சேர்ந்து பண்டிகைப் பலகாரம்.' நாலு பக்கம். "சந்தோஷமா இருக்கட்டும்மா, அழவச்சிடாதீங்க" என்று வேறு சொல்லியிருந்தார். நான் எழுதுகிறவள் என்று தேவகியிடம் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எழுதறதுன்னா எழுதிக்கோ. என் பசங்கள தங்கம், வைரம்னு மட்டும் எழுதாதே. படிக்கிறவங்க நம்பிடுவாங்க."

2

(முதல் தொடக்கம்) மழலைச் சிரிப்பும் வெண்ணெய் மணமும் கலந்த அந்த இனிய காலையில், தேவகி தன் செல்வங்களை அருகே அழைத்து

கோடு போட்டு அடித்துவிட்டேன். எந்த வீட்டில் ஐயா அழைக்க வேண்டியிருக்கிறது? மாவுப் பாத்திரத்தைத் திறந்தாலே வந்து மேலே விழுகிறார்கள்.

(இரண்டாவது தொடக்கம்) பட்டுக்குப் பேர்போன ஆரணியில், தறிச் சத்தம் கேட்காத

இதுவும் வேண்டாம். ஊர்ப் பெருமையைப் பேசி முடிப்பதற்குள் எண்ணெய் காய்ந்து புகைந்துவிடும்.

(மூன்றாவது தொடக்கம்) "டேய் பழனி, முறுக்கு அச்சுல போடற வில்லை எங்கடா?"

இது நடந்தது. இதிலிருந்தே போகலாம்.

3

பழனிக்கு அப்போது நான்கு வயது. முறுக்கு அச்சின் அடியில் போடுகிற பித்தளை வில்லை, நடுவில் ஓட்டை உள்ளது, அவன் கண்ணுக்குச் சக்கரமாகத் தெரிந்திருக்கிறது. ஓட்டையில் சணல் கோத்துத் தெருவில் ஓட்டிக்கொண்டு போய்ச் சாக்கடையில் விட்டுவிட்டு வந்து நின்றான்.

"வண்டி பூட்ச்சும்மா."

"எங்கடா போச்சு?"

"வேலூருக்கு."

மாவு பிசைந்தாகிவிட்டது. அச்சு இல்லை. இனிமேல் கைமுறுக்குதான், ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிச் சுற்ற வேண்டும். தேவகி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வேறு நாளாக இருந்தால் மாவைத் தட்டி எண்ணெயில் போட்டு எடுத்து, "துன்னுங்கடா" என்று முடித்திருப்பாள். அன்றைக்கு முடியாது. மத்தியான பஸ்ஸில் பொன்னம்மாள் வருகிறாள்.

பொன்னம்மாள், தேவகியின் வீட்டுக்காரர் எல்லப்பனுக்கு அக்கா. கண்ணமங்கலத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிற குடும்பம். பிள்ளை இல்லை. ஆடி மாதம் வந்திருந்தபோதே ஆரம்பித்துவிட்டாள்: "காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் தறியில குந்திகினு கீறே. ரெண்டு பசங்கள எப்பிடி வளப்பே? ஜெயத்த எங்கிட்ட குடு. வேளாவேளைக்கு ஆக்கிப்போட்டு நான் வளக்கறேன்." ஜெயம் மூத்தவள், ஏழு வயது. எல்லப்பன் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதுதான் தேவகிக்குப் பயம். அதற்கு முந்தின தீபாவளிக்கு இந்த வீட்டில் கடை மிக்சர் பொட்டலத்தைப் பார்த்துவிட்டுப் பொன்னம்மாள் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னதும் அவளுக்கு மறக்கவில்லை: "பண்டிகைக்குக்கூட இந்தப் பசங்களுக்குக் கடைப் பண்டம்தான் போல."

ஆகவே இந்தத் தடவை தன் கையால் சுட்ட முறுக்கு தட்டு நிறைய இருக்க வேண்டும். தட்டைப் பார்த்ததும் நாத்தனார் வாய் மூட வேண்டும். பெண் தன்னோடு இருக்க வேண்டும். தேவகிக்கு இது ஒரே விஷயம்தான், மூன்று விஷயமில்லை.

4

இங்கே எனக்குத் தேவகி மேலேயே ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு அவசரத்தில் பிள்ளைகளை ஏன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்? விரட்டிவிட்டுத் தனியாகச் செய்தால் ஆகாதா? 'குழந்தைகளும் கற்றுக்கொள்ளட்டும் என்று அவள் கனிவோடு' என்று எழுதியும் பார்த்தேன். நல்லவேளை, அவளிடம் கேட்டது ஞாபகம் வந்தது.

"அட நீ வேற! உள்ள பாவு கீது யக்கா."

பாவு என்றால் தறியில் நீளவாட்டில் ஓடுகிற பட்டு இழைகள். புதுப் பாவு வந்தால், தறியில் இருக்கிற பழைய நுனியோடு அதை இழை இழையாக விரலால் முறுக்கி இணைக்க வேண்டும். அன்று காலையில்தான் ஆரம்பித்திருந்தார்கள். எல்லப்பன் உள்ளே அதில் உட்கார்ந்திருந்தார். எண்ணெய்க் கை பட்டால் பட்டில் கறை நின்றுவிடும். அதனால் அடுப்பு தோட்டத்துப் பக்கம். அதனால்தான் பிள்ளைகளும் அவள் கண்ணெதிரில். விரட்டினால் நேராகத் தறிக்குத்தான் ஓடுவார்கள். கனிவாவது மண்ணாவது, காவல்.*

"எண்ணெய தொட்டீங்க, கைய ஒடிச்சிடுவேன்" என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

பழனி பச்சை மாவைத் தின்றான். துப்பினான். மறுபடி தின்றான். மிச்சத்தில் ஒரு பஸ் செய்து "இத்த சுடு" என்று நின்றான். சுடாவிட்டால் புரள்வான் என்று சுட்டாள். பஸ் எண்ணெயில் வெடித்து அவள் முழங்கையில் தெறித்தது. உடனே அவன் டிரைவர் செத்துவிட்டார் என்று அழ ஆரம்பித்தான்.

ஜெயம் பேசாமல் பலகையில் முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தாள். தேவகி சுற்றியது நடுவில் நடுவில் பிய்ந்தது. ஜெயம் சுற்றியது பிய்யவில்லை, முறுக்கு முறுக்காக ஒரே சீராக வந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இழை முறுக்கிப் பழகின விரல். தேவகி அதைக் கவனித்தாள். நல்லா இருக்குதுடி என்று சொல்ல நினைத்தாளாம். வாயிலிருந்து வந்தது, "ஜல்தி சுத்துடி."

(* செய்முறை கேட்கப்போகும் வாசகியருக்கு: பச்சரிசி மாவு, வறுத்த உளுந்து மாவு, வெண்ணெய், சீரகம், உப்பு. அளவு கேட்டேன். "கைக்குத் தெரியும்" என்றாள். என் கைக்குத் தெரியவில்லை. இந்தப் பகுதியின் முதல் பிரதியை என் பெரியவள் எடுத்துப்போய் வடைக்கு அடியில் எண்ணெய் வடிய விரித்துவிட்டாள். இது ஞாபகத்திலிருந்து எழுதியது.)

5

இனி வருவதை எழுதாமல் தாண்டிவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

உள்ளேயிருந்து எல்லப்பன் கூப்பிட்டார்: "இன்னா பண்ணிகினு கீறே? பாவு அப்படியே நிக்குது பாரு!" அடுப்பில் எண்ணெய் புகைந்தது. பழனி உளுந்து மாவை முழுக்கக் கவிழ்த்தான். அந்த நேரம் பார்த்து ஜெயம் ஒரு முறுக்கை முதுகுப் பக்கமிருந்து நீட்டினாள். "அம்மா, இது நல்லா கீதா?" தேவகி அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தாள். "அம்மா, இங்க பாரேன், நல்லா கீதா?" தோளை இடித்தாள். "அம்மா, நல்லா கீதா சொல்லு!"

தேவகி திரும்பி

பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன். காப்பி குடித்தேன். ஆசிரியர் ஞாபகம் வந்தது, நாலு பக்கம், சந்தோஷம். ஆனால் தேவகி மில் வரிசையில் அத்தனை பெண்களுக்கு நடுவில், குரலைக்கூடத் தாழ்த்தாமல் இதைச் சொன்னாள். அவளுக்கு இல்லாத கூச்சம் எனக்கு எதற்கு?

தேவகி திரும்பிக் கத்தினாள். "ஏண்டி என் உசுர வாங்கறே? உங்க அத்தை வரா இல்ல, அவ கூடவே போய்த் தொலை!"

ஜெயம் முறுக்கைப் பலகையில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உள்ளே போனாள், வந்தாள், மறுபடி உட்கார்ந்து சுற்றினாள். அதற்கப்புறம் எதையும் நீட்டவில்லை, எதையும் கேட்கவில்லை. அப்பாடா, தொல்லை விட்டது என்று தேவகி எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

பொன்னம்மாள் வந்தாள். தட்டு நிறைய முறுக்கு. கடையில்கூட இவ்வளவு சன்னமாகச் சுற்ற மாட்டார்கள். தேவகி தட்டை நாத்தனார் முன்னால் வைத்துவிட்டு, "எடுத்துக்கோங்க அண்ணி, ஊட்ல சுட்டது" என்று நிமிர்ந்து நின்றாள். ஒரு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தை.

பொன்னம்மாள் கடித்தாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"இன்னா தேவகி, நறநறன்னுது? சாம்பல் கலந்துகீதா?"

தேவகி ஒன்றை எடுத்துக் கடித்தாள். சாம்பல்தான்.

"நான்தான் அத்தை," என்றாள் ஜெயம். "மாவு கையில ஒட்டிச்சு. அம்மா எண்ணெய தொடக்கூடாதுன்னுச்சு. இழை முறுக்கறப்போ அம்மா சாம்பல் தொட்டுக்கும் இல்ல, அதான் நானும் அடுப்புச் சாம்பல தொட்டுகினேன்." விரலை நீட்டிக் காட்டினாள். நுனியெல்லாம் வெள்ளை.

பட்டு இழை வழுக்காமல் இருக்க, பாவு இணைக்கிறவர்கள் சலித்த சாம்பலைக் கொட்டாங்குச்சியில் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். இந்த வீட்டுப் பிள்ளைக்கு முறுக்குவது என்றால் சாம்பல் தொடுவது. அவளுக்கு அதில் என்ன தப்பு தெரியும்?

"பாத்தியாடா எல்லப்பா," என்றாள் பொன்னம்மாள் உள்பக்கம் பார்த்து. "தறி எது அடுப்பு எதுன்னு தெரியாம வளருது புள்ள." எல்லப்பன் தறியைவிட்டு எழுந்து வந்து நின்றார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இந்த மனிதரைக் கதையிலிருந்தே தூக்கிவிடலாமா என்று எனக்குக் கோபம் வருகிறது.

பொன்னம்மாளைக் கெட்டவளாக எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். முடியவில்லை. அவள் குழந்தையின் கையைப் பிடித்து, தான் கட்டியிருந்த புதுப் புடவைத் தலைப்பாலேயே ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள். துடைத்துக்கொண்டே கேட்டாள்: "கண்ணு, எங்கூட வர்றியா?"

ஜெயம் உள்ளே போனாள். ஒரு மஞ்சப்பையோடு வந்தாள். அவளுடைய தீபாவளிப் பாவாடை அதற்குள் ஏற்கெனவே மடித்து வைத்திருந்தது.

"அம்மாதான் போவச் சொல்லிச்சு," என்றாள்.

7

ஆசிரியருக்குப் பிடித்த முடிவு: எல்லோரும் கொல்லென்று சிரிக்கிறார்கள். "சாம்பலும் சாமி திருநீறுதானே" என்கிறாள் பொன்னம்மாள். தேவகி மகளைக் கட்டிக்கொள்கிறாள். வாசலில் பட்டாசு வெடிக்கிறது. (யாரும் சிரிக்கவில்லை. திருநீறு என்றும் யாரும் சொல்லவில்லை.)

எனக்குப் பிடித்த முடிவு: தேவகி கதறி அழுது, நான் சொன்னது மனசிலிருந்து வரவில்லையடி என்று

"நான் அழுவல யக்கா," என்றாள் தேவகி. "அழுதா அண்ணி முன்னாடி தோத்த மாதிரி ஆயிடும். போவாதேன்னு சொல்லவும் வாய் வரல. நான்தான சொன்னேன், போன்னு?"

அவள் செய்தது இது. தரையில் உட்கார்ந்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். கடித்துப் பாதியில் வைத்த முறுக்கை எடுத்து முழுசாகத் தின்றாள். நறநறவென்று எல்லோருக்கும் கேட்டது. அடுத்ததை எடுத்தாள், அதையும் தின்றாள். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்:

"நல்லா கீது."

காலையில் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் பதில் வந்தது. பிறகு மாவுப் பாத்திரத்தைக் காட்டினாள். "மாவு இன்னும் பாதி கீது. இவ்ளோ சன்னமா எனக்குச் சுத்த வராது. யாரு சுத்தறது?"

ஜெயம் பையோடு நின்றாள். பாத்திரத்தைப் பார்த்தாள். பொன்னம்மாள் இன்னும் அவள் ஒரு கையைப் பிடித்திருந்தாள்.

கரண்டு வந்துவிட்டது. நம் மில்லில்தான். மில்காரர் பீடியை எறிந்துவிட்டு "அடுத்தது யாரும்மா?" என்று கத்தினார். தேவகி டின்னைத் தூக்கினாள்.

"அப்புறம்?" என்றேன்.

"மறுபடியும் கரண்டு போயிடும், ஆள வுடு யக்கா."

8

ஆசிரியர் கேட்கத்தான் போகிறார், பெண் போனாளா இருந்தாளா என்று. தேவகி வீடு அடுத்த தெருதான், போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதலாம். போக மாட்டேன். நாலு பக்கம் நிரப்புவதற்காக ஒரு தாயின் வாசலில் நின்று, உன் பொண்ணு இருக்குதா என்று கேட்கிற வாய் எனக்கில்லை.

ஒன்றே ஒன்று இருக்கிறது. அன்று மில்லில் அவள் முந்தானையை இழுத்துக்கொண்டிருந்த அந்தக் கை. கையை மட்டும்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. கதை கேட்கிற வெறியில் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. விரல் நுனி வெள்ளையாக இருந்தது. மாவு மில்லில் எல்லார் விரலும் வெள்ளைதான். அது ஜெயத்தின் கையாகவும் இருக்கலாம், பழனியின் கையாகவும் இருக்கலாம். நீங்கள் ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெயர் வைத்தாலும் நான் மறுக்கப்போவதில்லை.

எனக்கு நேரமில்லை. அடுப்பில் எண்ணெய் காய்கிறது. இதை எழுதுகிற நேரமெல்லாம் என் பெரியவள் முதுகுக்குப் பின்னால் எதையோ நீட்டிக்கொண்டு, "அம்மா, இது நல்லா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே நிற்கிறாள். எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை. தலை வலிக்கிறது. இப்போது நான் திரும்ப வேண்டும்.